டிஸ்க் கோல்ஃப்: சின்னக் கைக்கு எந்தத் தட்டு?

கேள்வி: அமிர்திப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் டிஸ்க் கோல்ஃப் கூடை இரண்டும், ஒரு டஜன் டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்குப் பின்னால் வேம்பும் புங்கனுமாக நல்ல இடம் இருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீசினால் டிஸ்க் இருபதடி தாண்டுவதற்குள் இடப்பக்கம் சாய்ந்து விழுந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கென்று தனி டிஸ்க், தாழ்வான கூடை, தனி விதி ஏதாவது உண்டா சார்?

பதில்: இடப்பக்கம் சாய்கிறது என்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே வந்துவிட்டது. டிஸ்க்கின் மேல் பெரும்பாலும் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் வேகத்தைச் சொல்வது. அது 9, 11, 12 என்றிருந்தால் அந்த டிஸ்க் தூரமாக வீசுவதற்கான டிரைவர். அதற்கு உரிய வேகத்தைக் கை கொடுக்காவிட்டால், வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் வீசியது சட்டென்று இடப்பக்கம் திரும்பித் தரையைத் தொட்டுவிடும். இடக்கைப் பிள்ளை வீசினால் வலப்பக்கம் விழும். வீசுகிறவன்மேல் தப்பில்லை. அன்பளிப்பாக வருவதில் டிரைவர்தான் அதிகம்; பார்க்க எடுப்பாக இருக்கும், வாங்குகிறவருக்கும் அதுதான் கண்ணில் படும்.

முதல் எண் 2 முதல் 5 வரை உள்ள பட்டர் (கூடைக்கு அருகிலிருந்து வீசுவது), மிட்ரேஞ்ச் (நடுத்தரத் தூரத்துக்கு) டிஸ்க்குகளை மட்டும் பிரித்து எடுங்கள். அடுத்து, டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் எடை கிராமில் இருக்கும். 170-க்கு மேலிருப்பதை ஒதுக்கிவிட்டு, ஆறாம் வகுப்புக்கு 150-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ கொடுங்கள். விளிம்பு ஆழமாக உள்ள பட்டர் சின்ன விரல்களுக்குப் பிடிபடாது. கையில் கொடுத்துப் பார்த்தே தேர்ந்தெடுங்கள்.

எடை குறைந்தால் விதிமீறல் ஆகுமோ என்று தயங்க வேண்டாம். இந்த விளையாட்டின் அமைப்பான பி.டி.ஜி.ஏ. மேல்வரம்பைத்தான் வைத்திருக்கிறது: விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம். 21 செ.மீ. டிஸ்க்குக்கு அது சுமார் 174 கிராம் வரும். கீழ்வரம்பு கிடையாது. கிரிக்கெட்டில் சிறுவர் பந்துக்கு 133 முதல் 144 கிராம் என்று விதியிலேயே தனியாக எழுத வேண்டியிருந்தது. டென்னிஸில் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளுக்கு வேகம் குறைந்த பந்து 2012-ல்தான் கட்டாயமானது. இங்கே அந்த வேலையே இல்லை. உங்கள் மாணவி வீசும் 140 கிராம் டிஸ்க்கை, அங்கீகாரம் பெற்ற ரகமாக இருந்தால், உலகப் போட்டிக்கும் எடுத்துப் போகலாம். ஒரே தொல்லை காற்று. ஆடி மாதத்தில் லேசான டிஸ்க் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. காலை வேளையில் ஆடவிடுங்கள்.

கூடையின் தண்டை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் அறுத்துவிடாதீர்கள். கூடைப்பந்து வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால் குழந்தைகளுக்கு 2.60-க்கு இறக்குகிறார்கள். டிஸ்க் கோல்ஃப் கூடையின் விளிம்போ பெரியவர்களின் இடுப்பு மட்டம்தான். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது எட்டாத உயரமே இல்லை.

குறைக்க வேண்டியது தூரத்தை. பெரியவர்களுக்கு 80, 100 மீட்டர் வைத்தால் இவர்களுக்கு 30, 40 போதும். மூன்று நான்கு வீச்சில் டிஸ்க் கூடையில் விழ வேண்டும். எட்டு, ஒன்பது ஆனால் பிள்ளைகள் கபடிக்கே திரும்பிவிடுவார்கள். இரண்டே கூடையா என்று கவலை வேண்டாம். மைதானத்தின் இரு கோடியில் ஒவ்வொன்றாக நட்டு, வீசும் இடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டு மாற்றிக்கொண்டே வந்தால் ஒன்பது ஆட்டம் தேறும்.

பி.டி.ஜி.ஏ. போட்டிகளில் 18, 15, 12, 10, 8, 6 என வயதுப் பிரிவுகள் உண்டு. விதிப்புத்தகம் எல்லோருக்கும் ஒன்றுதான். பள்ளியில் நீங்கள் தளர்த்தலாம். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வீசும்போது கால் முன்னே போகாமல் நிலையாக நிற்க வேண்டும் என்ற விதியைச் சின்னவர்களுக்கு முதல் மாதம் விட்டுவிடலாம். ஆறு வீச்சுக்கு மேல் எண்ண வேண்டாம். இருவர் ஜோடியாக வீசி, நன்றாக விழுந்த டிஸ்க் இருக்கும் இடத்திலிருந்து இருவரும் தொடரலாம். வகுப்பில் மெதுவாக வீசுகிற பிள்ளைக்கு இதுதான் பிடிக்கும்.

தளர்த்தக் கூடாததும் உண்டு. வீசுகிறவருக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. கூடையிலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பவரே அடுத்து வீச வேண்டும். பறந்து வருவதைக் கையால் பிடிக்கவே கூடாது. சென்னை எலியட்ஸ் கடற்கரையில் ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பியைக் காணொளியில் பார்த்திருக்கும் பிள்ளைகள் இதையும் பாய்ந்து பிடிக்கப் பார்ப்பார்கள். அந்த டிஸ்க் 175 கிராம் என்றாலும் அகலமானது, விளிம்பு உருண்டை, பிடிப்பதற்கென்றே செய்தது. கோல்ஃப் டிஸ்க்கின் விளிம்பு கெட்டி, பல்லை உடைக்கும்.

அமிர்தி உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா போகும்போது டிஸ்க்குகளையும் எடுத்துப் போகலாமே என்று தோன்றும். வேண்டாம், சுற்றிலும் காப்புக்காடு, வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே எதையும் வீசக் கூடாது. கூடை போதவில்லை என்றால் மரக்கிளையில் பழைய சைக்கிள் டயரைத் தொங்கவிடுங்கள். நம் பக்கம் தோல் தொழிற்சாலைகளிலிருந்து பழைய பிளாஸ்டிக் டிரம் மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். உள்ளே என்ன ரசாயனம் இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. உள்ளே விழுந்த டிஸ்க்கைப் பிள்ளைகள் கைவிட்டுத்தான் எடுப்பார்கள்.

ஒதுக்கிய டிரைவர்கள் வீண்போகாது. பத்தாம் வகுப்பில் கை நீண்ட பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள், அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.