கால் என்னும் கணக்குச் சொல்

‘கால்’ என்னும் சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள்கள் பல. நடக்கும் உறுப்பும் கால். வீசும் காற்றும் கால். வயலுக்கு நீர் செல்லும் வழி வாய்க்கால். பந்தலைத் தாங்குவது பந்தற்கால். ‘கா’ என எழுதுகையில் ககரத்தை அடுத்து நிற்கும் குறி துணைக்கால். இவற்றோடு, நான்கில் ஒரு பங்கைச் சுட்டும் கணக்குச் சொல்லாகவும் அது வழங்குகிறது.

உறுப்பின் பெயர் எண்ணுக்கு எவ்வாறு ஆகி வந்தது? ஆவுக்கும் மாவுக்கும் கால்கள் நான்கு. அவற்றுள் ஒன்று நான்கில் ஒரு பங்கு என மக்கள் கண்டனர் எனக் கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. வடமொழியிலும் ‘பாதம்’ என்பது அடியையும் நாலில் ஒன்றையும் ஒருங்கே குறித்தல் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. ‘அரை’ என்பதும் இத்தகையதே. அது பாதியையும் குறிக்கும். உடலின் நடுவாகிய இடையையும் குறிக்கும். அரைஞாண் என்னும் சொல்லை நோக்குக.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பின் மயக்கம் நேராதோ எனின், நேரும். அரைக்கால் சட்டையில் உள்ள கால் உறுப்பு. கணக்கிலோ அரைக்கால் என்பது காலில் பாதி, அதாவது 1/8. குறிகளிலும் இத்தகைய மயக்கம் உண்டு; அதனைப் புலவர்கள் விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டனர். தமிழெண்களில் எட்டின் குறி ‘அ’ போன்றது. காலின் குறி ‘வ’ போன்றது. எட்டேகாலை அக்குறிகளால் எழுதினால் ‘அவ’ என்றாகும். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, ‘அவலட்சணம்’ என்னும் வசையை இவ்வெண்ணுக்குள் மறைத்து வைத்துள்ளது. குறிகளை அறியாதவர்க்கு அது வசையென்றே விளங்காது.

இப்பின்ன எண்களைக் கீழ்வாயிலக்கம் என்பர். திண்ணைப் பள்ளி மாணவர் எண்சுவடி கொண்டு இவற்றை மனப்பாடம் செய்தனர். காலில் பாதி அரைக்கால்; அதிற்பாதி வீசம், அதாவது 1/16. ரூபாய்க்குப் பதினாறு அணா வழங்கிய காலத்தில், ரூபாயில் வீசம் ஓர் அணா. ‘முக்காலே மூன்று வீசம்’ என்றால் பதினைந்து அணா. ஏறத்தாழ முழுவதும் என்னும் பொருளில் இத்தொடரைச் சொல்லும் பெரியோர் இன்றும் உளர். ஆனால், அதைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர் அருகிவிட்டனர்.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு காசுகளாகப் பகுக்கப்பட்டது. கால் இருபத்தைந்து காசாகவும் அரை ஐம்பது காசாகவும் புதிய முறைக்குள் பொருந்தின. வீசத்தின் மதிப்போ ஆறேகால் காசு. அதற்கு நாணயம் அடிக்கப்படவில்லை.