எந்தக் கணினி வாங்கலாம் என்று மாணவர் கேட்டால்…

சென்ற கோடையில், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவி ஒருத்தி தன் அப்பாவை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். சோமனூர்ப் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவர் அவர். “ஏனுங் சார், பாப்பா அனிமேஷன் படிக்கோணும்ங்குது. அதுக்கு ஆப்பிள் கம்ப்யூட்டர்தான் வேணும்னு சொல்றாங்களாமா. நகையை வெச்சு வாங்கிப் போடலாம்னு இருக்கறனுங்க. வாங்கட்டுங்களா?” என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், நான் முன்பு செய்த ஒரு தவறு. திருப்பூரில் பனியன் பிரிண்டிங் டிசைன் வேலைக்குப் போக விரும்பிய ஒரு மாணவனை, லினக்ஸில் இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் பழகச் சொன்னேன். கட்டற்ற மென்பொருள் மீது எனக்கு அவ்வளவு பற்று. அவனும் நன்றாகவே பழகினான். வேலைக்குப் போன இடத்தில் கேட்டதோ கோரல்டிராவும் போட்டோஷாப்பும். இரண்டுமே லினக்ஸுக்கு வருவதில்லை. மறுபடி முதலிலிருந்து கற்றான். “நீங்க சொன்னது தப்பில்லீங் சார், கம்பெனில அது இல்ல, அவ்வளவுதான்” என்று சிரித்தபடி அவன் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

பதினொன்றாம் வகுப்பில் விண்டோஸையும் உபுண்டுவையும் கற்பிக்கிறோம். ஒப்பிட்டு எழுதச் சொன்னால் பிள்ளைகள் அழகாக அட்டவணை போடுவார்கள். ‘எந்த வேலைக்கு?’ என்ற கேள்வி மட்டும் அதில் இருக்காது. இப்போது நான் பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறேன். முதலில் வேலை, பிறகு அதற்கான மென்பொருள், அது ஓடும் இயங்குதளம், வன்பொருள் கடைசியில்.

நம் வட்டாரத்திலேயே எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன. கோவையின் பம்பு, வார்ப்படத் தொழிற்கூடங்களில் வடிவமைப்பு வேலைக்குப் போகிறவருக்கு சாலிட்ஒர்க்ஸ் தேவைப்படலாம், அது விண்டோஸுக்கானது. ஆட்டோகேட் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு, லினக்ஸில் இல்லை. துணி அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் செய்ய வேண்டும். நிறம் பிரித்த கோப்பு டிசைனருக்கும் அச்சடிப்பவருக்கும் இடையே பலமுறை கைமாறும். எல்லோரும் ஒரு மென்பொருளில் இருக்கும்போது ஒருவர் மட்டும் வேறொன்றில் நிற்பது கடினம்.

அனிமேஷன் கதை வேறு. 2002-இல் கட்டற்ற மென்பொருளான பிளெண்டர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2025-இல் ஆஸ்கர் பெற்ற லாட்வியப் படமான ‘ஃப்ளோ’ அதில் உருவானதுதான். 1997-இல் வந்த ‘டைட்டானிக்’ படத்தின் கணினிக் காட்சிகளுக்கு உழைத்த இயந்திரங்களில் நூற்றுக்கு மேற்பட்டவை லினக்ஸில் ஓடின. ஆகவே ‘ஆப்பிள்தான் வேண்டும்’ என்பது இத்துறைக்குப் பொருந்தாது.

இங்கே பணத்தைத் தின்பவை கிராபிக்ஸ் கார்டும் நினைவகமும்தான். இதை வகுப்பில் கணக்காகவே போடலாம். நொடிக்கு 24 படங்கள் என்றால் 10 நொடிக் காட்சிக்கு 240 படங்கள். ஒரு படத்தை உருவாக்கக் கணினிக்கு 1 நிமிடம் ஆனால் மொத்தம் 4 மணி நேரம். நல்ல கார்டு அந்த நிமிடத்தைச் சில நொடிகளாகக் குறைக்கும். மேசைக் கணினியில் நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்; இன்றைய ஆப்பிள் மடிக்கணினியிலோ வாங்கும்போது இருப்பதுதான் கடைசிவரை. லினக்ஸில் என்விடியா டிரைவரைப் பெரும்பாலும் நாமே நிறுவ வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் ஒருமுறை செய்து காட்டினால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடும்.

அந்த அப்பாவிடம், சேரப்போகும் கல்லூரியில் என்ன மென்பொருள் என்று முதலில் கேட்போம் என்றேன். மாணவியே என் கைப்பேசியில் பேசினாள். முதலாண்டில் ஓவியமும் போட்டோஷாப்பும், அதுவும் கல்லூரி ஆய்வகத்திலேயே. முப்பரிமாண வேலை இரண்டாம் ஆண்டில்தான் என்றார்கள். “நகையை இப்ப வெக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினேன். அவள் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. அதில் லினக்ஸும் கிரிட்டாவும் ஏற்றிக் கொடுத்தேன். பெரிய படமென்றால் திணறும்; வரைந்து பழகப் போதும்.

தீபாவளி விடுமுறையில் நோட்டு நிறையக் குறிப்புகளோடு வந்தாள். இரண்டாம் ஆண்டுக்கு வாங்க வேண்டிய மேசைக் கணினிக்கு இருவரும் பட்டியல் போட்டோம். போட்டோஷாப்புக்காக விண்டோஸ், பிளெண்டருக்காகப் பக்கத்திலேயே லினக்ஸுக்கும் இடம் என்பது அவள் முடிவு.