அதிர்ச்சிக்குப் பின் முதல் ஒரு மாதம்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நாகை கடலோரத்தில் உயிர் தப்பிய பலர் அலைச் சத்தம் கேட்டாலே பதறினார்கள். தூக்கம் போயிற்று. சிலருக்கு அழுகைகூட வரவில்லை; மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் உம்மாவை விட்டு நகர மறுத்தார்கள்.

இது பைத்தியமும் அல்ல, ஈமான் குறைவும் அல்ல. ஆபத்து விலகிய பிறகும் உடம்பு காவல் காக்கிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும்.

அதுவரை, வருகிறவர்களெல்லாம் "என்ன நடந்தது, சொல்லு" என்று கிளற வேண்டாம். மவுத்து வீடுகளில் நம்மிடம் இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம்! அவராகப் பேசினால் கேளுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, இரவில் துணைக்கு ஓர் ஆள் இருந்தால் போதும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகப்போவதாகப் பேசினால் அன்றே போகவேண்டும். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.