சொறிமீனின் புலன்கள்

கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல மணலில் ஒதுங்கிக் கிடக்கும் ஓர் உயிரைக் கடற்கரைச் சிறுவர் நன்கு அறிவர். மீனவர் அதனைச் ‘சொறி’ என்பர். அதனைத் தொட்டவர் உடலில் அரிப்பும் எரிச்சலும் உண்டாகும்; ஆதலின் அப்பெயர் அதற்கு மிகவும் பொருந்தும். சொறிமீன் என்று வழங்கினும் அது மீன் இனத்தைச் சேர்ந்ததன்று. அதற்கு எலும்பு இல்லை, இதயம் இல்லை, குருதி இல்லை, மூளையும் இல்லை. அதன் உடலில் 100க்கு 95 பங்கு நீரே ஆகும்.

எனினும், சொறிமீன் இனம் 50 கோடி ஆண்டுகளாகக் கடலில் வாழ்ந்து வருகின்றது. மேல் எது, கீழ் எது, ஒளி எங்கே, இரை எங்கே என்று அறியாத உயிர் கடலில் நெடுங்காலம் நிலைத்தல் அரிது. மூளையில்லாத இவ்வுயிர் இவற்றையெல்லாம் எவ்வாறு அறிகின்றது?

இவ்வினாவிற்கு விடை காண முயன்றவருள் ஜார்ஜ் ரோமானிஸ் என்னும் விஞ்ஞானி குறிப்பிடத்தக்கவர். இவர் டார்வினின் நண்பர். 1870ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் தங்கிச் சொறிமீன்களை ஆராய்ந்தார். நிலாச் சொறி என்னும் வகையின் குடை விளிம்பில் எட்டுச் சிறு உறுப்புகள் உள்ளன. அவை எட்டினையும் அவர் வெட்டி நீக்கினார். சுருங்கி விரிந்துகொண்டிருந்த குடை ஓய்ந்தது. வேறொன்றில் ஏழினை நீக்கி ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். குடை தொடர்ந்து துடித்தது. நீந்துவதற்குரிய தூண்டுதல் விளிம்பிலுள்ள அவ்வுறுப்புகளிலிருந்தே பிறக்கின்றது என்பது இதனால் விளங்கிற்று. அத்தூண்டுதலை உடல் எங்கும் கொண்டு செல்வது நரம்பு வலையாகும். மீன்வலையின் ஓரிழை அறுந்தாலும் மற்ற இழைகள் பிடித்து நிற்பதுபோல, இவ்வலையின் ஒரு பகுதி வெட்டுண்டாலும் செய்தி வேறு வழியாகச் செல்லும்.

விளிம்பிலுள்ள அவ்வுறுப்புகள் துடிப்பை எழுப்புவதோடு நில்லாமல் புலன்களாகவும் பயன்படுகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் கனமான நுண்படிகங்கள் உள்ளன. குடை ஒரு பக்கம் சாய்ந்தால் அப்படிகங்களின் பாரம் அருகிலுள்ள உணர்மயிர்களின்மேல் அழுந்தும். சாய்வை உணர்ந்த சொறிமீன் உடனே தன் துடிப்பை மாற்றி நிமிர்ந்துகொள்ளும். 1991ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கொலம்பியா என்னும் விண்கலத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட இளஞ்சொறிகளை விண்வெளிக்குக் கொண்டு சென்றனர். எடையை உணர இயலாத அவ்விடத்தில் வளர்ந்தவற்றுள் பல, பூமிக்குத் திரும்பியபின் நேராக நீந்த இயலாமல் தடுமாறின. அவை படிகங்களைப் பெற்றிருந்தும், பாரத்தைக் கொண்டு திசையறியும் பயிற்சியைப் பெறவில்லை.

இரையைப் பிடிக்கும் முறையும் வியப்பிற்குரியது. சொறிமீனின் இழைக்கைகளில் எண்ணற்ற கொட்டும் செல்கள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் நஞ்சு தோய்ந்த நூல் ஒன்று சுருண்டு கிடக்கும். இரை தொட்டவுடன், நரம்பின் கட்டளைக்குக் காத்திராமல், அந்நூல் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிக விரைவாகப் பாயும். உயிர் நீங்கிக் கரையில் கிடக்கும் சொறியும் கொட்டுவது இக்காரணம் பற்றியே. ஆதலின், இறந்ததுதானே என்று எண்ணி அதனைக் கையால் எடுத்தல் கூடாது.

கரீபியன் கடலோரத்தில் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே ஒரு வகைப் பெட்டிச் சொறி வாழ்கின்றது. அதன் குடை விரல்நகம் அளவே இருக்கும். ஆயின், அதற்கு 24 கண்கள் உள்ளன. அவற்றுள் சில, உடல் எப்படிச் சாய்ந்தாலும் மேல்நோக்கியே நிற்கும். நீரின் வழியாக மரக்கிளைகளின் நிழலுருவைக் கண்டு, அது தன் உறைவிடத்தை விட்டு அகலாமல் காத்துக்கொள்கின்றது. வேரில் மோதினால் அதன் மெல்லுடல் கிழியும். வேரை விட்டு விலகினால் இரை கிடைக்காது. இவ்விரண்டிற்கும் நடுவே அதன் வாழ்வு நடைபெறுகின்றது.

இச்சிற்றுயிர் அனுபவத்தால் கற்குமா என்பதை விஞ்ஞானிகள் சோதித்தனர். சோதனையின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வட்டமான தொட்டியின் சுவரில் வேர்களைப்போலச் சாம்பல்நிறக் கோடுகளை வரைந்து, அதில் பெட்டிச் சொறியை விட்டனர். மங்கலான கோடுகளைத் தொலைவிலுள்ள வேர்கள் என மயங்கி, அது முதலில் சுவரில் அடிக்கடி மோதிற்று. ஏழரை நிமிடங்கள் கழிவதற்குள் மோதல்கள் பாதியாகக் குறைந்தன. கண்ணால் கண்டதையும் உடலால் உணர்ந்த மோதலையும் இணைத்துப் பாடம் கற்றுக்கொள்ள மூளை இன்றியமையாததன்று என்பதை இச்சோதனை காட்டிற்று.

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது தொல்காப்பியம். ஒளியையும் சாய்வையும் தொடுதலையும் உணர்ந்து, பட்டறிவால் தன்னைத் திருத்திக்கொள்ளும் சொறிமீனை அவற்றுள் எவ்வகுப்பில் வைப்பது என்று அறிஞரும் தயங்குவர். கரையில் ஒதுங்கிக் கிடக்கும்போது அது வெறும் இழுதுக்கட்டியாகவே தோன்றும். ஆனால், கடலுக்குள் அது விழிப்போடு வாழும் உயிராகும்.