ஃபைட்டர் மீன் வளர்க்கிறவங்களுக்குச் சில கைக்குறிப்புகள்

பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று சென்னை கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் போய் ஒரு ஃபைட்டர் மீனை வாங்கி வந்தாச்சா? மருந்துக்கென்று தனியாகச் செலவு வைக்காமல், வீட்டில் இருப்பதைக் கொண்டே அதை நன்றாக வைத்துக்கொள்ளச் சில வழிகள் இதோ.

1. கடைக்காரர்கள் சின்ன பாட்டிலில் வைத்திருப்பது அவர்களுக்கு இடம் போதாததால்தான். வீட்டில் 15 முதல் 20 லிட்டர் தண்ணீராவது கொடுங்கள். கண்ணாடித் தொட்டி விலை அதிகம் என்றால், அரிசி கொட்டி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா புதிதாக ஒன்று போதும். தண்ணீர் கூடுதலாக இருந்தால் சீக்கிரம் கெடாது, உங்களுக்கும் வேலை மிச்சம்.

2. இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது. பெண் மீனையும் ஜோடியாக இருக்கட்டுமே என்று சேர்த்துவிடாதீர்கள், துரத்தித் துரத்திக் கடித்துவிடும்.

3. இது எகிறிக் குதிக்கும் மீன். பழைய கொசுவலைத் துண்டைத் தொட்டியின் வாயில் விரித்து எலாஸ்டிக் போட்டுவிடுங்கள். தண்ணீர்மட்டம் விளிம்புக்கு நான்கு விரல் கீழே இருக்கட்டும்.

4. கொசுவர்த்தி, மேட், ஸ்ப்ரே எதையும் தொட்டி இருக்கும் அறையில் பயன்படுத்தாதீர்கள். ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும். கொசுவை விரட்டும் மருந்துகளில் பலவும் மீனுக்குக் கடும் விஷம். சாம்பிராணிப் புகை போடும் நாளிலும் தொட்டி தள்ளியே இருக்கட்டும்.

5. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால், முதல் நாளே அகலமான வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள். அவசரம் என்றால் மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சில சொட்டு போதும்.

6. ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றினால் மீனுக்குத் தேவையான தாது உப்பு இருக்காது. சாதாரணத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று அதைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

7. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். மொத்தமாகக் கொட்டி, தொட்டியைப் பளபளவென்று தேய்த்துவிட்டால் கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு அருமையான உரம்.

8. அடியில் படியும் கழிவை எடுக்க மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச் போதும். ஊசியைக் கழற்றிவிட்டு, நுனியில் நீளமான சின்ன டியூப் மாட்டிக்கொண்டால் கையை நனைக்காமலே தினமும் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

9. தாய்லாந்தின் வயல்களிலும் தேங்கிய நீர்நிலைகளிலும் வாழ்ந்து பழகிய இனம் இது, வேகமான நீரோட்டம் பிடிக்காது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், காற்றைக் குறைத்து வையுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்துவிடுங்கள்.

10. மீனின் வயிறு அதன் கண் அளவுதான். காலையில் இரண்டு மூன்று தீனி மணிகள், மாலையில் இரண்டு மூன்று மணிகள் தாராளம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் வயிறு உப்பாது, தீனியும் மிச்சம்.

11. ஊருக்குப் போகிறீர்களா? நாலு நாள் வரை தீனி இல்லாமல் நன்றாகவே இருக்கும். அதற்கு மேல் என்றால் மாத்திரை டப்பாவில் கிழமை வாரியாக மணிகளை எண்ணிப் போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். தீனி பாக்கெட்டை அப்படியே கொடுத்தால், பாவம் என்று அள்ளிப் போட்டுத் தண்ணீரைக் கெடுத்துவிடுவார்கள்.

12. மீனுக்குக் கொசுப்புழு என்றால் உயிர்தான், ஆனால் அதற்காக வீட்டில் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். டெங்கு கொசு வளர்வது அப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.

13. தெருவில் நாட்டு வாதாம் மரம் இருந்தால் உங்களுக்கு யோகம். தானாக உதிர்ந்து பழுப்பேறிய இலையை எடுத்து, கழுவிக் காயவைத்து, 20 லிட்டருக்கு ஓர் இலை போடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், பயப்பட வேண்டாம். அந்தச் சாறு மீனுக்கு இதமானது. புகையும் தூசியும் படிகிற ரோட்டோர மரமும், பூச்சிமருந்து அடித்த மரமும் வேண்டாம். ஆன்லைனில் இதையே பாக்கெட் போட்டுக் காசுக்கு விற்கிறார்கள்!

14. தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரை இருந்தால் சுகம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களும் இரவு முழுக்க ஏசி ஓடும் வீட்டுக்காரர்களும் சின்ன ஹீட்டர் வாங்கத்தான் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் விட்டுத் தொட்டியை உள்ளே தள்ளி வையுங்கள்.

15. அலங்காரப் பொருளை உள்ளே போடும் முன் பழைய நைலான் சாக்ஸால் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் மீனின் துடுப்பும் கிழியும். அதைவிட, வேலம்பாசி கொஞ்சம் போட்டு, மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொங்கவிடுங்கள். கழிவை அது உறிஞ்சிக்கொள்ளும்.

16. துடுப்பு ஓரம் அரித்தால் உடனே மருந்துக்கு ஓடாமல், ஒரு வாரம் தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். கண் வீங்கினாலோ செதில்கள் சிலிர்த்து நின்றாலோ மட்டும் தாமதிக்காமல் கடைக்காரரைக் கேளுங்கள்.

17. மேலே நுரை நுரையாகக் குமிழி கட்டியிருந்தால் அழுக்கென்று வழித்துவிடாதீர்கள், ஆண் மீன் கட்டிய கூடு அது.

18. பிள்ளைகளுக்கு அது துடுப்பை விரித்துச் சிலிர்ப்பதைக் காட்ட, முகம் பார்க்கும் கண்ணாடியை இரண்டு நிமிடம் மட்டும் காட்டுங்கள். எதிரி என்று நினைத்துத்தான் விரிக்கிறது. அதிக நேரம் வைத்தால் களைத்துப்போகும்.