கடைத் தூசியும் ஆஸ்துமாவும்

மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது வரும் தும்மலை நாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "மளிகைக் கடைக்காரனுக்குத் தூசி புதிதா?" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கிறோம். ஆனால் அந்தத் தும்மலே சிலருக்குப் பின்னாளில் ஆஸ்துமாவாக முற்றுகிறது. இது இன்று நேற்றுக் கண்டறிந்த உண்மையல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி 1700-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில் நோய்கள் பற்றிய நூலிலேயே, மாவு அரைப்போரும் தானியம் சலித்து அளப்போரும் படும் மூச்சுத் துன்பத்தை எழுதியிருக்கிறார்.

மூச்சுக்குழலில் நடப்பது என்ன?

நாம் இழுக்கும் காற்று, மரக்கிளைபோல் பிரிந்து மெலிந்து செல்லும் மூச்சுக்குழல்கள் வழியே நுரையீரலை அடைகிறது. ஆஸ்துமாவில் மூன்று கோளாறுகள் சேர்ந்து வருகின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்புறச் சவ்வு வீங்குகிறது. கெட்டிச் சளி சுரந்து வழியை அடைக்கிறது. இழுத்த காற்றை வெளியே விடுவதே பெரும்பாடாகி, நெஞ்சில் "வீஸ்" என்ற ஒலி கேட்கிறது.

இது ஒரே நாளில் வருவதல்ல. மைதா, கோதுமை மாவுத் தூசி, தானியத்தில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் ஆகியவற்றை உடல் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ பகைப்பொருளாகப் பழகிக்கொள்கிறது. அதன்பின் சிறிதளவு தூசியே போதும். மிளகாய் வற்றல் நெடி, ஊதுவத்திப் புகை, சிகரெட் புகை ஆகியவை தொல்லையைத் தூண்டிவிடும்.

விடுமுறை நாள் சொல்லும் கணக்கு

சிலருக்குத் தூசி பட்ட சில நிமிடங்களில் இழுப்பு வரும். சிலருக்கு 4 முதல் 8 மணி நேரம் கழித்தே வரும். மாலையில் மூட்டை பிரித்தவர் நள்ளிரவில் இருமும்போது "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்பார். கடையைச் சந்தேகிக்க மாட்டார். ஆகவே இரண்டு வாரம் இருமலையும் இழுப்பையும் தேதி போட்டுக் குறித்து வாருங்கள். கடைக்குப் போகாத நாட்களில் குறைந்து, திரும்பியதும் கூடினால், அந்தக் குறிப்புடன் மருத்துவரைப் பாருங்கள். தொழிலையும் சொல்லுங்கள். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால், தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் முழுதாக விலகாமல் போகலாம்.

நாம் செய்ய வேண்டியவை

• மாவைத் தலைகீழாகக் கொட்டாமல், முகவையைத் தாழ்த்தி மெதுவாக அள்ளுங்கள்.
• காலிச் சாக்குகளைக் கடைக்குள் உதறாதீர்கள்.
• உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.
• கிடங்கில் ஈரம் தங்கவிடாதீர்கள், சன்னல் திறந்திருக்கட்டும்.
• மாவுச் சரக்கைக் கையாளும்போது தூசியைத் தடுக்கும் தரமான முகக்கவசம் அணியுங்கள். மூக்கில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம். மருந்து நேரே குழலுக்குச் செல்வதால் குறைந்த அளவே போதுமானது. ஆனால் உடனடி நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. உள்வீக்கத்தைத் தணிக்கும் மருந்தை மருத்துவர் சொன்னபடி விடாமல் எடுக்க வேண்டும். பேசமுடியாத அளவுக்கு மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நம்மைவிட அதிகமாகத் தூசியில் நிற்பவர்கள் கடைப் பையன்களும் சுமை தூக்குவோரும்தான். அவர்களுடைய இருமலையும் காது கொடுத்துக் கேட்பது முதலாளியின் கடமை.