இருநூறு மீட்டருக்குக் கீழே

வானொலி என்றவுடன் நம்மைக் கேட்பவர்களாகவே எண்ணிக்கொள்கிறோம். எங்கோ ஒரு நிலையம் பேசும், நாம் குமிழைத் திருகிக் கேட்போம், பிடிக்காவிட்டால் அணைத்துவிடுவோம். பதில் சொல்ல வழியில்லை. ஆனால், கம்பியில்லாத் தந்தியாகப் பிறந்த காலத்தில் அது ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. கேட்கும் கருவியும் அனுப்பும் கருவியும் ஒரே மேசையின் மீது இருந்தன. அந்தப் பழைய வழக்கத்தை இன்றளவும் விடாமல் காத்து வருபவர்களே அமெச்சூர் வானொலியினர். 'ஹாம்' என்பது அவர்களுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர்.

மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, சொந்தச் செலவில் டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு பிற ஹாம்களோடு பேசுபவர்கள் இவர்கள். இதற்கு ஊதியம் கிடையாது. ஊதியம் வாங்க விதி இடம் தருவதுமில்லை. பாட்டு ஒலிபரப்பக் கூடாது. வியாபாரச் செய்தி கூடாது. இரகசியக் குறியீட்டில் பேசக் கூடாது. தமக்கென ஒதுக்கப்பட்ட அழைப்புக் குறியைச் சொல்லாமல் பேசக் கூடாது. இந்திய ஹாம்களின் குறிகள் பெரும்பாலும் 'வி.யூ.' என்று தொடங்கும். இத்தனை 'கூடாது'களுக்குப் பின் என்னதான் மிஞ்சுகிறது என்று கேட்கத் தோன்றும். பேச்சும் ஆராய்ச்சியும் மிஞ்சுகின்றன. ஆராய்ச்சி என்பது இதற்குப் பெரிய சொல் என்று நண்பர்கள் நகைக்க வேண்டாம். பொழுதுபோக்குக்காரர்கள் செய்த சோதனைகள்தாம் சிற்றலையின் தொலைதூர ஆற்றலை உலகுக்குக் காட்டின. அந்த வரலாறு நம் பாடநூல்களில் இடம்பெறாததால் இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் செல்லும் என்பதே வல்லுநர் பலரின் துணிபு. கப்பல்களும் கடற்படையும் பல நூறு மீட்டர், சில ஆயிரம் மீட்டர் நீளமுள்ள அலைகளைக் கையாண்டன. அமெரிக்காவில் பள்ளிச் சிறுவர்களும் இளைஞர்களும் வீட்டு மாடியில் தீப்பொறி டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு அவற்றின் நடுவே புகுந்து கலகம் விளைவித்தனர். 1912இல் டைட்டானிக் மூழ்கிய சில மாதங்களில் அங்கே சட்டம் வந்தது. அதன்படி தனியார் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைகளைத் தொடக் கூடாது. அதற்குக் கீழே இருந்த பகுதி தொலைதூரத்துக்கு உதவாது என்று கருதப்பட்டது. நஞ்சையையெல்லாம் பெரியவர்கள் பங்கிட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குக் களர் நிலத்தைக் காட்டிய கதைதான் அது.

களர் நிலம் விளைந்தது. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்து லெயோன் தெலுவாவும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெல்லும் ஏறத்தாழ 110 மீட்டர் அலையில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் இப்பாலுமாக உரையாடினர். இருவரும் அமெச்சூர்களே. அடுத்த ஆண்டு, 1924 அக்டோபர் 18ஆம் நாள், இதனினும் வியப்பான செய்தி ஒன்று நிகழ்ந்தது. நியூசிலாந்தின் ஷாக் பள்ளத்தாக்கில் ஆட்டுப் பண்ணை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பெல் என்பவர் மோர்ஸ் குறியில் அழைத்தார். இலண்டனில் மில் ஹில் பள்ளியிலிருந்து செசில் கோய்டர் என்ற மாணவர் பதில் கொடுத்தார். இடையே பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. பூமியில் அதைவிட அதிகத் தொலைவு செல்ல அதிக இடமில்லை. ஒரு பண்ணைவீட்டுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பெருமை கிடைத்தது.

இது எப்படி இயன்றது? ஒளியைப் போலவே வானொலி அலையும் நேர்கோட்டில் செல்வது, பூமியோ உருண்டை. நேரே சென்ற அலை வானவெளியில் தொலைந்திருக்க வேண்டும். மேலே மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு இருந்து அலையை வளைத்துத் திருப்புகிறது என்று ஹெவிசைடும் கென்னலியும் 1902இலேயே ஊகித்திருந்தனர். கோய்டர் பதிலளித்த இரண்டு மாதத்தில், 1924 டிசம்பரில், ஆப்பிள்டனும் பார்னட்டும் பி.பி.சி.யின் போர்ன்மவுத் நிலையத்து அலைகளைக் கொண்டு அவ்வடுக்கு இருப்பதைச் சோதனையால் நிறுவினர். ஆப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அயனி மண்டலத்தைச் சூரிய ஒளி உண்டாக்குவதால், பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் அது நடந்துகொள்கிறது. பகலில் அதன் கீழடுக்கு அலையின் ஆற்றலை உறிஞ்சும். இரவில் அந்த அடுக்கு மறைந்துவிடும். ஆகவே, 40 மீட்டர் அலையில் நண்பகலில் சில நூறு கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்கள் தெளிவாகக் கேட்கும். இருட்டிய பின் அதே அலையில் வெளிநாட்டுக் குரல்கள் வந்து சேரும். சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைவதும் இதில் தெரியும். பௌதிக மாணவர் புத்தகத்தில் படம் வரைந்து மனப்பாடம் செய்வதை ஹாம் தினந்தோறும் காதால் கேட்கிறார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதே 1924ஆம் ஆண்டில் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று மதராஸ் மாகாண வானொலிக் கழகத்தைத் தோற்றுவித்தார். ஜூலை 31ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. இருவழிப் பேச்சன்று அது, நிகழ்ச்சி ஒலிபரப்புத்தான். ஆயினும் சம்பளத்துக்கன்றி ஆர்வத்தால் கூடியவர்களின் முயற்சி. கையில் பணமின்றி 1927இல் நின்றுபோனது. அதன் டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 ஏப்ரலில் மீண்டும் பேசத் தொடங்கியது. பிறகு 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. அப்போது அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் வேறு யாருமல்லர். மில் ஹில் பள்ளி மாணவராக இருந்த அதே செசில் கோய்டர்தான். 1936இல் இந்தியா வந்த அவர், இப்பரந்த நாட்டை எட்டுவதற்குச் சிற்றலையையே பெரிதும் நம்பித் திட்டம் வகுத்தார். பள்ளிக்கூடத்து மேசையில் அறிந்த உண்மை சென்னைக்கும் டில்லிக்கும் பயன்பட்டது.

இனிக் கழகங்களைப் பற்றி. உரிமம் தனி ஒருவருக்கு. ஆனால் கல்வி கழகத்தில்தான் நடக்கிறது. எந்த மின்தடையை எங்கே வைப்பது, ஏரியலை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, தேர்வுக்கு எதைப் படிப்பது என்பவற்றை மூத்தவர் இளையவருக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார். நாள்தோறும் குறித்த நேரத்தில், குறித்த அலையில் கூடும் கூட்டத்துக்கு 'நெட்' என்று பெயர். ஒருவர் நடத்துநராக இருந்து, ஒவ்வொருவராக முறை கொடுத்துப் பேச வைப்பார். ஆட்சியரும் ரேடியோ பழுது பார்ப்பவரும் தத்தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே பதினெட்டு வயதுப் பையனும் 'ஓ.எம்.', அதாவது கிழவர். எழுபது வயதுப் பாட்டியும் 'ஒய்.எல்.', அதாவது இளநங்கை. விடைபெறும்போது 'எழுபத்து மூன்று' என்பார்கள். நல்வாழ்த்து என்று பொருள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆயத்தக் கருவியைக் கடையில் வாங்கி, சாப்பிட்டாயிற்றா என்று விசாரிப்பதோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அதற்குத் தேர்வு எதற்கு? மாறாக, ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' என்னும் கருவியைப் பாருங்கள். எளிதில் கிடைக்கும் உறுப்புகளால் ஆனது அது. கம்பிச் சுருள் சுற்றத் தண்ணீர்க் குழாய் வாஷரைப் பயன்படுத்தினார். பல நாட்டு ஹாம்கள் அதைப் பார்த்துத் தாமும் கட்டினார்கள்.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று விடுதி நண்பர்கள் கேட்கிறார்கள். கைப்பேசிக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரமும் கேபிளும் வேண்டும். ஹாமுக்கு ஒரு மின்கலம், ஒரு கம்பி, மேலே வானம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று அந்தமானில் முகாமிட்டிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் அங்கே அனுமதி கிடைத்ததால், உலக ஹாம்களோடு பேசி மகிழவே போயிருந்தார்கள். 26ஆம் நாள் காலை நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை வந்தது, தொலைபேசி செத்துப்போனது. போர்ட் பிளேரிலிருந்து அவர்களுடைய கருவி செய்தியைச் சுமந்தது. இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு வரிக்காகத் தாய்நிலத்தில் தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது எத்தகைய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. பொழுதுபோக்குக்காகக் கட்டிய ஏரியல் அங்கே முன்னதாகவே நின்றது என்பதுதான் கவனிக்கத்தக்கது. பேரிடர் வந்த பிறகு கட்டத் தொடங்குவதென்றால் காலம் கடந்திருக்கும்.

கல்வி நிறுவனங்களும் தம் பெயரில் கழக நிலையத்துக்கு உரிமம் பெறலாம். உரிமம் பெற்ற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நம் விரிவுரையாளர்களில் ஒருவரோ மாணவர்களில் ஒருவரோ தேர்வு எழுதினால் போதும். அதுவரை கேட்பதற்கு உரிமம் தேவையில்லை. சிற்றலை ரிசீவர் ஒன்று இருந்தால் இன்றிரவே தொடங்கலாம். 40 மீட்டர் அலைக்குரிய ஏரியல் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பிதான். நடுவில் வெட்டி கேபிளை இணைக்க வேண்டும். நம் பௌதிகத் துறை மாடிக்கும் விளையாட்டு மைதானத்து வேப்பமரத்துக்கும் இடையே 26 மீட்டர் இருக்கிறது. அளந்து பார்த்தாயிற்று.